எடுத்த அளவுக்குத் தண்ணீர்

மூணுபாலம் தேயிலைத் தோட்டத்து டிராக்டர் அந்த ஆடி மாதத்தில் மூன்றாவது தடவையாகப் பொங்கி நின்றது. நின்ற இடம், கொழுந்தைத் தூளாக்கும் ஸ்டோருக்கு ஏறும் செங்குத்து ரோட்டில், டிரைவர் சோலைமலை குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்கு நேர் மேலே. பின்பெட்டி நிறையக் கொழுந்துச் சாக்கு. மேலே மழை. ரேடியேட்டர் மூடியைச் சுற்றி ஆவி புஸ்ஸென்று கிளம்பியதைப் பார்த்துப் பக்கத்துக் காம்பிரா ராக்காயி, "ஆத்தாடி! வண்டிக்கு நெருப்புப் புடிச்சிருச்சு!" என்று கத்தியபடி இஸ்தோப்புத் திண்ணையிலிருந்து ஓடி வந்தாள். வந்தவள் கையில் முறமும் இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாள் என்று அவளுக்கே தெரியாது.

சோலைமலை ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் முத்துலிங்கம் போன வாரமே சொல்லிவிட்டார். யாழ்ப்பாணத்து மனுசன், சத்தம் போடாமல்தான் பேசுவார். "இன்னொருக்கா ஏத்தத்தில நிண்டுதெண்டா, டிராக்டரை வேற ஆளிட்டக் குடுத்திட்டு நீ மம்பட்டியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போ. நான் துரைக்குச் சொல்லிப்போட்டன்." இன்னொருக்கா என்று அவர் சொன்னது இதோ, இன்றைக்கே வந்துவிட்டது.

மம்பட்டி பிடித்தவன்தான் சோலைமலையும். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டி, மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டி, கையெல்லாம் காய்த்துப்போனவன். மாட்டு வண்டிக்குப் பதிலாகத் தோட்டத்துக்கு டிராக்டர் வந்தபோது, கொழுந்து ஏற்றி இறக்கும் கைக்காரனாகச் சேர்ந்து, ஓட்டக் கற்று, பழைய டிரைவர் இந்தியாவிலிருந்த ஊருக்குக் கப்பலேறியதும் அந்த இடத்தில் உட்கார்ந்தான். அன்றிலிருந்து அவன் நடையே மாறிவிட்டது. காக்கிச் சட்டை, தோளில் எண்ணெய்த் துணி. கோயில் திருவிழாவில்கூட அந்தத் துணியைக் கழற்றுவதில்லை என்று ஆட்கள் சிரிப்பார்கள். சிரித்தால் சிரிக்கட்டுமே. லயத்தில் அவன் ஒருவன்தான் காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணி முன்னால் மழையில் வரிசையில் நிற்காதவன். அது சின்ன விசயமா?

டிராக்டரையும் அவன் கண்ணுக்குள் வைத்துத்தான் பார்த்தான். விடியும்முன் ஸ்டோர் டாங்கித் தண்ணீரைத் துணி கட்டி வடித்து எடுத்துப்போய் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்ப்பான். இந்த மழைக்காலம் தொடங்கியதிலிருந்து ஊற்ற வேண்டிய தேவையே வரவில்லை. கழுத்துவரை நிறைந்து நின்றது. அரையிருட்டில் தண்ணீர் கொஞ்சம் சிவப்பாகத் தெரிந்தது. துருவாக இருக்கும் என்று விட்டுவிட்டான். "இஞ்சினு தண்ணியே குடிக்கல, அவ்வளவு நல்லா வச்சிருக்கேன்" என்று பெருமை வேறு அடித்துக்கொண்டான். தண்ணீர் குறையாத இஞ்சின் ஏன் கொதிக்கிறது என்பதுதான் அவன் மண்டையை உடைத்தது.

கொழுந்து காத்திருக்காது. சாக்குக்குள் கிடந்தால் சூடேறிச் சிவந்துபோகும். சிவந்த கொழுந்தை ஸ்டோரில் ஏற்க மாட்டார்கள். செய்தி மலைக்குப் போய், கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களில் பாதிப்பேரை அனுப்பினார்கள். இடுப்பில் படங்குச் சாக்கும் தலையில் கம்பளியுமாக வந்தவர்கள் ஆளுக்கொரு சாக்கைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஸ்டோருக்கு நடந்தார்கள். அட்டை கடித்த கால்களில் இரத்தம் மழையோடு ஒழுகியது.

"ஏன்டாப்பா சோலமல, ஒன் டிராக்டர இழுக்க எங்களத்தான் கட்டணும்போல" என்றாள் ஒருத்தி.

"சும்மா போ அக்கா, வயித்தெரிச்சலக் கெளப்பாத" என்றான் அவன். குரல் உடைந்துவிட்டது. அவள் மேற்கொண்டு கேலி பேசாமல் போனாள்.

ஹட்டன் ஸ்டேசனுக்குத் தேயிலைப் பெட்டி இறக்கப் போன லொறி திரும்பும்போது ஹமீது நானாவைக் கூட்டிக்கொண்டு வந்தது. ஹட்டனில் சின்னதாக ஒரு மெக்கானிக் கடை வைத்திருந்தவர், எல்லாருக்கும் அண்ணன் முறையில் நானா. பருத்த உடம்பு, வெற்றிலைச் சிவப்பேறிய வாய். மழையில் இறங்கியதும் முதல் காரியமாக வானத்தைப் பார்த்து, "யா அல்லா, இந்தத் தோட்டத்துக்கு மேல மட்டும் ஓட்டையா?" என்றார். பிறகு சாக்கை விரித்து டிராக்டர் பக்கத்தில் குந்தினார்.

"சொல்லு தம்பி. எங்கெங்க சூடேறுது?"

"ஏத்தத்துலதான் நானா. எறக்கத்துல, மட்ட ரோட்டுல ஒண்ணும் இல்ல. சும்மா நின்னாலும் ஒண்ணும் இல்ல. சொமையோட ஏறுறப்ப சூடு காட்டுற முள்ளு செவப்புக்குப் போயிருது."

"தண்ணி?"

"நெறைய இருக்கு."

"ஒழுகுதா?"

"சொட்டு ஒழுகாது."

ஹமீது நானா காற்றாடிப் பட்டையைக் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தார். இறுக்கமாக இருந்தது. காற்றாடியைச் சுற்றிவிட்டார். தடையில்லாமல் சுற்றியது. ரேடியேட்டர் முகப்பில் ஒட்டியிருந்த தேயிலைத் தூசியையும் செத்த பூச்சிகளையும் தென்னை ஈர்க்கால் கிண்டி ஊதினார். எண்ணெய்க் கம்பியை இழுத்துப் பார்த்தார். எண்ணெய் சுத்தம், தண்ணீர் கலக்கவில்லை. "இஞ்சின் தலைக்குள்ள ஒடைசல் இல்ல" என்றார். அப்புறம் மேல்குழாயைக் கழற்றி உள்ளேயிருந்து நெல்லிக்காய்ப் பருமனில் ஒரு பித்தளைச் சாமானை எடுத்தார்.

"இது வாசல் மாதிரி. தண்ணி சூடானா தானா வாய் தொறந்து ரேடியேட்டருக்கு வழி விடணும். தொறக்காம அடம்புடிச்சா இதுதான் கள்ளன். ஒரு சட்டியில தண்ணி கொதிக்கவச்சி இதப் போட்டுப் பாக்கணும். கீழதானே ஒன் வீடு? ஓடு."

சோலைமலை அதை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு கீழே இறங்கினான். மனைவி பூரணி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு காம்பிராவுக்குள் இருந்தாள். பிள்ளை பிறந்து இரண்டு மாதம். கொழுந்துக்குப் போகாமல் வீட்டிலிருந்தாள். அவன் விசயத்தைச் சொன்னதும் எழுந்து சட்டியை வைத்தாள்.

அடுப்பில் இருந்தது கவ்வாத்தில் வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சி மிலாறு. ஒரு மாத மழையைக் குடித்த மிலாறு. பூரணி ஊதாங்குழலால் ஊதினாள். சிவந்தது, புகைந்தது, அணைந்தது. மறுபடி ஊதினாள். காம்பிரா முழுக்கப் புகை. பிள்ளை இருமியது. சோலைமலை குந்தி உட்கார்ந்து ஊதிப் பார்த்தான். கண்ணில் தண்ணீர் வந்ததுதான் மிச்சம். சட்டித் தண்ணீரில் விரலை விட்டான். ஓடைத் தண்ணீர்போல் சில்லென்று இருந்தது.

மேலேயிருந்து ஹமீது நானா குரல் கொடுத்தார். "தம்பி, கொதிச்சிச்சா?"

"இன்னுங் கொஞ்சம் நானா!"

சோலைமலைக்கு எரிச்சல் வந்தது. "என்னா புள்ள இது? தெனமும் மத்தியானம் நான் வந்து தின்னு முடிக்கிறப்போ கைகழுவ சுடுதண்ணி வச்சிருப்ப. புள்ளையையும் சுடச்சுடக் குளிப்பாட்டுவ. இன்னைக்கு மட்டும் என்னா வந்துச்சு இந்த அடுப்புக்கு?"

பூரணி ஊதாங்குழலைக் கீழே வைத்தாள்.

இந்த லயத்திலேயே ரொட்டியும் கட்டைச்சம்பலும் தின்று சுடுதண்ணியில் கைகழுவுகிறவன் தான் ஒருவன்தான் என்று அவன் மலையெல்லாம் சொல்லித் திரிந்தவன். "எம் பொஞ்சாதி மாதிரி வராது" என்று கைக்காரன்களிடம் அளந்தவன். அவன் சட்டியைப் பார்த்தான். மிலாறைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"பூரணி, சுடுதண்ணி எங்கேருந்து வந்துச்சு?"

"கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"நீங்க ரொட்டி திங்கிறப்போ மேல போயி… வண்டிக்கு அடியில ஒரு திருகு இருக்குல்ல, அதத் தொறந்து அரை வாளி புடிப்பேன். புள்ளைக்குத்தாங்க. பச்சத்தண்ணி ஊத்தினா ஒடம்பெல்லாம் நீலமாப் போவுது. மிச்சத்தத்தான் ஒங்களுக்குக் கைகழுவ வைப்பேன்." அவன் முகத்தைப் பார்த்துப் பயந்து வேகமாகச் சொன்னாள். "சும்மா எடுக்கலீங்க! ஒரு சொட்டுக் கொறைய விட மாட்டேன். நீங்க செய்யிற மாதிரி சாக்கப் போட்டு மூடியத் தொறந்து, எடுத்த அளவுக்குத் தண்ணி ஊத்தி வச்சிருவேன்."

"எந்தத் தண்ணி?"

"பீலிக் கொழாயில எப்பவும் கூட்டமுங்க. ரோட்டோரத்துக் கான்லதான் நெறையப் போவுதே."

சோலைமலை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கான் தண்ணி! மலை மண்ணையெல்லாம் கரைத்துக்கொண்டு செக்கச்செவேலென்று ஓடுகிற தண்ணி. ஆனியிலிருந்து தினமும் அரை வாளி. தன் கையால் வடிகட்டி வளர்த்த இஞ்சினுக்குள் இவள் மண்ணைக் கரைத்து ஊற்றியிருக்கிறாள். அவளை அடிக்கவேண்டும் போலிருந்தது. கை எழவில்லை. ஒருநாளாவது, இந்த மழையில் உனக்கு எப்படியடி தண்ணீர் கொதிக்கிறது என்று கேட்டானா? தின்றான், கழுவினான், துடைத்தான், போனான்.

"நான் கெடுத்துட்டேனாங்க?" என்றாள் பூரணி.

"வாயத் தொறக்காத. யாரு கேட்டாலும் நீ ஒண்ணும் சொல்லாத" என்று எழுந்தான். மண்ணெண்ணெயில் ஓடும் டிராக்டரில் இருந்து ஒரு போத்தல் பிடித்துவந்து மிலாறில் ஊற்றி எரித்தான். தண்ணீர் ஒருவழியாகக் கொதித்தது. பித்தளைச் சாமான் நல்ல பிள்ளையாக வாயைத் திறந்தது.

"அப்ப இவன் கள்ளனில்ல" என்றார் ஹமீது நானா. ஒரு ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டு, உள்ளங்கைச் சீனியை நக்கி, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வண்டிக்கு அடியில் படுத்தார். ரேடியேட்டரின் அடித்திருகைத் திருப்பினார். தண்ணீர் வரவில்லை. முழுவதும் திருப்பினார். ஒரு சொட்டு வந்தது, இன்னொரு சொட்டு வந்தது. விரலில் ஏந்தி வெளிச்சத்தில் பார்த்தார். "சேறு! தம்பி, இதென்ன வயலா? ஒரு கம்பி கொண்டு வா."

அந்த நேரம் பார்த்துக் குடையும் நீளச் சப்பாத்துமாக முத்துலிங்கம் வந்து சேர்ந்தார். ஹமீது நானாவின் விரலைக் குனிந்து பார்த்தார்.

"எங்க இருந்து தண்ணி விட்டனீ, சோலைமலை?"

சோலைமலை அந்தச் சேற்றைப் பார்த்தான். டாங்கித் தண்ணி என்றால் பொய்யன் என்பார். உள்ளதைச் சொன்னால் தோட்டத்துச் சாமானில் கைவைத்தாள் என்று பூரணியின் பேரைச் செக்ரோல் என்ற சம்பளப் பேரேட்டில் இருந்து வெட்டிவிடுவார்கள். இரண்டில் எது என்று யோசிக்க அவனுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"கான்லேருந்துங்கய்யா. நாந்தான் ஊத்தினேன். ஸ்டோருக்குப் போய்வரச் சோம்பல்பட்டு ஊத்திட்டேன்."

இப்படிச் சொல்லும்போது அவனுக்கு வெட்கமாக இருந்தது. சாக்கைச் சுமந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உன்னைப் பெரிய டிரைவர் எண்டு நினைச்சன். சரி. நாளைக்கு மம்பட்டியோட பெரட்டுக்கு வா."

"அய்யா!" பூரணி பிள்ளையோடு மேலே ஏறி வந்துவிட்டாள். "இந்தாளு பொய் சொல்றாருங்க. ஊத்துனது நானு. அவருக்கு ஒண்ணுந் தெரியாது."

"பூரணி, போ கீழ!" என்று கத்தினான் சோலைமலை.

முத்துலிங்கம் கொஞ்சம் இரக்கமாகத்தான் சிரித்தார். "புருசனைக் காப்பாத்த நீ பொய் சொல்லுறாய். பரவாயில்லைப் பிள்ளை, போ. பொம்பிளையளுக்கு இந்த மிசினைப் பற்றி என்ன தெரியும்?"

பூரணிக்குக் கோபம் வந்துவிட்டது. அவ்வளவு பயந்து, நடுங்கி, உண்மையைச் சொல்ல வந்தால் பொய் என்கிறாரே! பிள்ளையை ராக்காயியின் கையில் கொடுத்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். சீட்டுக்கு அடியில் மடித்துக் கிடந்த சாக்கைப் பார்க்காமலே கையை விட்டு எடுத்து, மூடியைப் பொத்தி, அரைத் திருப்புத் திருப்பி நிறுத்தி, இல்லாத ஆவி அடங்கப் பழக்கத்தில் கொஞ்சம் பொறுத்து, பிறகு முழுவதும் திறந்தாள். ஹமீது நானா வண்டிக்கு அடியிலிருந்து மரியாதையாக நகர்ந்து வழிவிட்டார். அவள் குந்தி உட்கார்ந்தாள். கொண்டையில் இருந்த ஊசியை உருவி, திருகின் வாய்க்குள் சாய்வாக விட்டுக் குத்தி, ஒரு சுழற்றுச் சுழற்றி இழுத்தாள். செங்குழம்பாகத் தண்ணீர் பாய்ந்து அவள் பாதத்தில் விழுந்தது.

"கொஞ்ச நாளா அடைச்சுக்கிட்டுதாங்க வருது. இப்பிடிக் குத்தித்தான் எடுப்பேன்" என்றாள். "எடுத்தது நெசம். ஆனா கொறைய வைக்கலீங்க. எடுத்த அளவுக்கு ஊத்திட்டேன்."

ஹமீது நானாதான் முதலில் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது.

"டீமேக்கர் ஐயா, கேட்டீங்களா கூத்த! இந்தப் புள்ள களவெடுத்திட்டுச் சும்மா இருந்திருந்தா ஒண்ணுமே ஆயிருக்காது. தம்பி காலையில பாத்திருப்பான், நல்ல தண்ணி ஊத்தியிருப்பான், முடிஞ்சிச்சு. இவ நாணயமாத் திருப்பிக் குடுத்தா பாருங்க, அதுதான் இஞ்சினக் கொன்னுருச்சு! ஏம்மா, கொதிக்கிற இஞ்சின்ல பச்சத்தண்ணி ஊத்தியிருக்கியே, இரும்பே வெடிச்சிருக்கும். அல்லா காப்பாத்தினான்."

முத்துலிங்கம் சிரிக்கவில்லை. குடையை மடக்கினார், விரித்தார். ராக்காயி தோளில் கிடந்த பிள்ளையைப் பார்த்தார். "இந்தக் குழந்தைக்கோ?" என்று கேட்டார்.

"ஆமாங்கய்யா."

"இவளின்ரை பேரை நான் துரையிட்டச் சொல்ல மாட்டன். சோலைமலை, வண்டியை நீயே ஓட்டு. ஆனால் இண்டையோட இது லயத்துக்குக் கிட்ட நிக்கக் கூடாது. சோத்தை ஸ்டோருக்குக் கட்டிக்கொண்டு வா. இங்க நிண்டதைக் கண்டனெண்டா மம்பட்டிதான். ரெண்டாந்தரம் கதையில்லை."

மிச்ச வேலை மளமளவென்று நடந்தது. கீழ்க்குழாயைக் கழற்றியதும் சேறும் கல்லும் தெறதெறவென்று விழுந்தன. வண்ணார் வீட்டில் சோடாக்காரம் வாங்கி வெந்நீரில் கரைத்து ஊற்றி ஊறவிட்டார்கள். பிறகு பீலியில் ரப்பர் குழாயை மாட்டி, தண்ணீரை அடியிலிருந்து மேலாக, வழக்கமான ஓட்டத்துக்கு எதிராக அடித்தார்கள். சிவப்பு ஆரஞ்சாகி, ஆரஞ்சு மஞ்சளாகி, கடைசியில் தெளிவாக வந்தது. டாங்கித் தண்ணீரை நிரப்பி, பெட்டியில் பாரம் ஏற்றி, ஹமீது நானாவையும் பக்கத்தில் உட்காரவைத்து, சோலைமலை ஏற்றத்தில் விட்டான். முள் பாதியில் நின்றது. உச்சிக்குப் போயும் பாதியில்தான் நின்றது. சோலைமலை சந்தோசத்தில் நானாவின் தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டான்.

மறுநாளிலிருந்து அவன் லயத்தைத் தாண்டி நிறுத்தாமல் போனான். ஸ்டோரில் ஆறிப்போன ரொட்டியைத் தின்றான். இஞ்சின் ஒரு குறையும் சொல்லவில்லை. மழையும் விடவில்லை. மத்தியான நடையில் லயத்துக்கு மேலே வரும்போதெல்லாம் கீழே பிள்ளை வீரிட்டு அழுவது இஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. பச்சைத் தண்ணீர் ஊற்றுகிறாள் என்று தெரிந்தது. ராத்திரி பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டி இழுத்தது.

"வெயில் வந்தா சரியாயிருங்க" என்றாள் பூரணி. அவனிடம் அவள் வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் நாலு வார்த்தை ஏசிவிட்டுப் படுத்திருப்பான். கேட்காமல் இருந்ததுதான் அவனைத் தூங்கவிடவில்லை.

விடிந்ததும் ஸ்டோர் டாங்கியில் ஒரு மண்ணெண்ணெய் டின் நிறையத் தண்ணீர் வடித்து, சீட்டுக்குப் பின்னால் கயிற்றால் கட்டினான். மத்தியானம் லயத்துக்கு மேலே, பழைய இடத்திலேயே, எல்லாரும் பார்க்க வண்டியை நிறுத்தினான். அங்கிருந்து பார்த்தால் ஸ்டோர் தெரியும். ஸ்டோரிலிருந்து பார்த்தால் அந்த இடம் தெரியும். அது அவனுக்குத் தெரியாததல்ல.

"பூரணி! வாளியக் கொண்டா!"

அவள் வெறுங்கையோடு பதறி ஓடி வந்தாள். "ஏங்க, என்னா செய்யிறீங்க? டீமேக்கர் ஐயா பாத்தா வேலை போயிருங்க! எடுங்க வண்டிய, புள்ள நல்லாத்தான் இருக்கு."

"ராத்திரி பூரா நானுந்தான் கேட்டேன், நல்லா இருக்குற லட்சணத்த. வாளி எங்க?"

அவள் நின்றாள். ஸ்டோர்ப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு இறங்கிப் போய் வாளியை எடுத்து வந்தாள். சோலைமலை சேற்றில் முட்டி போட்டுத் திருகைத் திறந்தான். ஆவி பறக்கத் தண்ணீர் வாளிக்குள் விழுந்தது.

"கைய வச்சிப் பாரு" என்றான். "புள்ளைக்கு இது காணுமா, பத்தலைன்னா இன்னுங் கொஞ்சம் விடவா?"

பூரணி முழங்கையை வாளியில் வைத்துப் பார்த்தாள்.

"காணுங்க" என்றாள்.